செல் பிரிவுக்குத் தலைவர் யார்?

எங்கள் பல்கலைக்கழகத்தில் செல் பிரிவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், வாசலில் பித்தளைப் பலகை, மாத்தே என்கிற எங்கள் ஊர் இலைப்பானம் குடிக்க வெந்நீர் வைப்பதற்கென்றே ஒரு தனி அறை. இந்த வருஷம் ஏப்ரல் மாதம் வரை அப்படி ஒரு பிரிவு கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாரும் ஆணை எண் 417ஐக் காட்டுவார்கள். உண்மையில் அது வெங்காயத்திலிருந்து வந்தது. இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷமாக மரபியல் ஆய்வகத்தில் ஸ்லைடு கழுவிக்கொண்டிருக்கும் டெக்னீஷியன் நான். பெயர் ஜாந்திர். எனக்கு மேலே போகப் படியும் இல்லை, கீழே தள்ள இடமும் இல்லை.

வளாகத்தின் பின்பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையம் உண்டு. அதில் லொரேனி அக்கா நர்ஸ். அவளுடைய பெரிய கருவி ஸ்டெதஸ்கோப் அல்ல, கெட்டில். நிலையத்துக்குப் பின்னால் தானே போட்ட மூலிகைத் தோட்டத்திலிருந்து மஞ்சள் மசேலாப் பூவைப் பறித்துக் காயவைத்து, வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பாள். எங்கள் ரியோ கிராந்தே மாநிலத்துக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சி, திங்கட்கிழமை வயிற்றுவலி. அதற்கு மசேலா. டீ ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பவனின் கையில் அவள் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிடுவாள். ரத்த அழுத்தம் பார்க்க வா என்றால் ஒருவனும் வரமாட்டான். டீ குடிக்க வா என்றால் தோட்டக்காரர், டிரைவர், காவலாளி எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எட்டு வருஷத்தில் இப்படி நூற்று நாற்பது பேரைப் பிடித்து மாத்திரை சாப்பிட வைத்திருக்கிறாள்.

மார்ச் மாதம் நிர்வாகத் துணைவேந்தர் டாக்டர் ஃபோந்தோரா ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். செல்களின் மேல் என்ன விளைவு என்று நிரூபிக்கப்படாத பானங்களை வளாகத்தில் ஊற்றுவதும், ஊற்ற முயல்வதும், ஊற்றும் எண்ணத்தோடு கெட்டிலை அடுப்பில் ஏற்றுவதும் தடை செய்யப்படுகிறது. உரிய பிரிவுத் தலைவரின் கையெழுத்தோடு செப்டம்பர் முப்பதுக்குள் அறிவியல் அறிக்கை வராவிட்டால் மூலிகைத் தோட்டம் சிமென்ட் பூசப்பட்டு அலுவலக வாகனங்களின் நிறுத்துமிடமாகும். கடைசி வரியை எழுதத்தான் முதல் வரி எழுதப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. துணைவேந்தரின் கார் கறுப்பு நிறம், வெயிலில் நிற்கிறது. தோட்டத்து ஓரத்தில் ஒரு நல்ல நிழல்மரம் இருக்கிறது.

லொரேனி அக்கா சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக என் ஆய்வகத்துக்கு வந்தாள்.

"ஜாந்திர், வெங்காய டெஸ்ட்டுங்கறாங்களே, அது இங்கதானே பண்றீங்க?"

"ஆமாக்கா. டீயில வெங்காயத்தோட வேரை ஒரு நாள் ஊறவெச்சு, வேர் நுனியை வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்கணும். சாதாரணத் தண்ணில எத்தனை செல் பிரியுதோ, டீயிலயும் அத்தனை பிரிஞ்சா டீ நல்ல டீ. கொறைஞ்சா யோசிக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"வெங்காயத்துக்கு ஒரு வாரம். எண்ணறதுக்கு ஒரு மாசம். ஆபீசுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"நான் ஆராய்ச்சிக்குப் படிச்சவ இல்லையே, என்னை விடுவாங்களா?"

"இங்க படிச்சவங்கதான் மாட்டிக்கறாங்க. நீ தைரியமா வா."

நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதனால் நடந்த எல்லாவற்றுக்கும் முதல் குற்றவாளி நான்தான். தலைப்பு இப்படி வைத்தேன்: 'வெங்காய வேரின் செல் பிரிவில் மசேலா டீ ஏற்படுத்தும் விளைவு.' பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பதிவு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் நெதியோ ஜனாட்டா. எந்தக் காகிதமும் அவரைத் தாண்டாமல் எங்கேயும் போகாது, அவரைத் தாண்டிய காகிதம் அதற்குப் பிறகும் எங்கேயும் போகாது. சுரைக்குடுக்கையில் மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே அவர் தலைப்பை மூன்று தரம் படித்தார்.

"செல் பிரிவுத் தலைவர் கையெழுத்து எங்கம்மா?"

"சார், அது அந்தப் பிரிவு இல்ல," என்றாள் லொரேனி அக்கா. "வேர்ல செல் இருக்கும். அது ரெண்டாப் பிரியும்."

"வேர்ல எதுக்கு செல்?"

"உசிரு உள்ள எல்லாத்துலயும் இருக்கும் சார். உங்க உடம்புலகூடக் கோடிக்கணக்குல இருக்கு."

நெதியோ மேஜை மேல் கிடந்த தன் செல்போனைப் பார்த்தார். "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதுவும் ஆபீஸ் குடுத்தது. கோடிக்கணக்குல வெச்சிருக்கேன்னு யாரு கெளப்பி விட்டது?"

நான் குறுக்கே புகுந்தேன். "சார், செல் பிரிவுன்னு இங்க ஒரு பிரிவே கெடையாது. அது வெங்காயத்துக்குள்ள நடக்கற விஷயம்."

"நீங்க சும்மா இருங்க ஜாந்திர். விதி பதினாலு. எந்தப் பிரிவுல விளைவு ஏற்படுத்தறதா இருந்தாலும் அந்தப் பிரிவோட தலைவர் சம்மதம் வேணும். நாளைக்கு ஒருத்தன் பதிவுப் பிரிவுல விளைவு ஏற்படுத்தறேன்னு வந்தா நான் விட்டுடுவேனா?"

"இல்லாத பிரிவுக்கு நான் எங்க போயித் தலைவரைக் கொண்டுவர?" என்றாள் அக்கா.

"இல்லைன்னா, இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"அதை யாரு சார் குடுப்பாங்க?"

"செல் பிரிவுதான் குடுக்கணும்."

தலைப்பை மாற்றிவிடுகிறோம் என்று நான் கெஞ்சினேன். பதிந்த தலைப்பை மாற்றவும் சம்பந்தப்பட்ட பிரிவின் தலைவர்தான் ஒப்புதல் தரவேண்டுமாம். ஜன்னலை மூடுவதற்கு முன் அவர் குடுக்கையில் வெந்நீர் ஊற்றினார். மாத்தேத் தூளின் மேல் மஞ்சளாக நாலைந்து பூ மிதந்தது. மசேலா.

"அது எங்கருந்து சார்?" என்று அக்கா கேட்டாள்.

"இதுவா? உங்க தோட்டத்துலருந்துதான். வயிறு சரியில்ல."

இதற்கு நடுவில் புனித வெள்ளி வந்தது. அன்றைக்குச் சூரியன் வருவதற்கு முன் பனியோடு பறித்த மசேலாவுக்குத்தான் வீரியம் என்பது எங்கள் ஊரில் பாதிரியார் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் நம்புவது. விதிப்படி, ஆராய்ச்சிக்கான செடியை எந்தத் தேதியில் பறித்தோம் என்று ஓர் அலுவலர் நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டும். விடியற்காலை நாங்கள் தோட்டத்துக்குப் போனால் ஏற்கெனவே அங்கே கூட்டம். கொள்முதல் பிரிவு, சொத்துப் பிரிவு, சட்டப் பிரிவு எல்லாம் குனிந்து பறித்துக்கொண்டிருந்தது. நெதியோ மனைவியின் காய்கறிப் பையோடு நின்றார். துணைவேந்தரின் டிரைவர் ஒரு தலையணை உறை நிறையப் பறித்துவிட்டார்.

"சார், நல்லதாப் போச்சு," என்று அக்கா படிவத்தை நீட்டினாள். "இன்னிக்குப் பறிச்சதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இன்னிக்கு விடுமுறைம்மா. நான் இங்க இல்ல."

"என் முன்னாடிதானே நிக்கறீங்க?"

"நிக்கறேன். ஆனா இல்ல. திங்கக்கிழமை வாங்க, திங்கக்கிழமை பறிச்சதாப் போட்டுத் தரேன்."

"அது பொய்யில்லையா?"

"தேதிதானேம்மா பொய். செடி நெசம்தானே," என்றார் நெதியோ, பையை ஒரு குலுக்குக் குலுக்கி இன்னும் கொஞ்சத்துக்கு இடம் பண்ணிக்கொண்டே. அக்கா அந்தச் சான்றை வாங்கவில்லை. விடுமுறை நாளில் பறிக்கப்பட்டது, பார்த்த அலுவலர்கள் பதினேழு பேர், எவரும் வரவில்லை என்று தன் கையால் எழுதிக் கோப்பில் வைத்தாள்.

கோப்பு மேலே மேலே போய்த் துணைவேந்தரை அடைந்தது. மேலே போகப்போக ஒவ்வொருவரும் 'செல் பிரிவுத் தலைவரின் குறிப்பு இணைக்கப்படவில்லை' என்று எழுதினார்கள். பதினோரு பேர் எழுதிய பிறகு, அப்படி ஒரு பிரிவு இருந்தே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதன் தலைவர் இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஆணை எண் 417 வந்தது. தலைவர், கோப்பின் வரலாறு முழுவதும் அறிந்தவர் என்ற தகுதியில், நெதியோ ஜனாட்டா.

திறப்புவிழாவில் டாக்டர் ஃபோந்தோரா பேசியதை நான் பின்வரிசையிலிருந்து கேட்டேன். "நண்பர்களே, இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து இருநூறு செல்கள் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரு செல் பிரிவு இல்லை. இந்தக் குறையை ஏன் யாரும் உணரவில்லை? ஏனென்றால் அதை உணர்வதற்கு ஒரு பிரிவு இல்லை! தேவை வந்த பிறகு பிரிவை உருவாக்குவது சாதாரண நிர்வாகம். பிரிவை உருவாக்கிவிட்டுத் தேவையைத் தேடுவதுதான் தொலைநோக்கு. இப்பிரிவு என்ன செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன், முதலில் அது வளரும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. லொரேனி அக்கா என் காதில், "இப்பவாவது கையெழுத்துக் கெடைக்குமா?" என்றாள்.

கிடைத்தது, ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கு மட்டும். அறிக்கைக்கு வேறு கையெழுத்து. அடுத்தது வெங்காயம். நாங்கள் கேட்டது இருபது. வெங்காயம் என்றதும் கொள்முதல் பிரிவு உணவுக்கூடத்தின் பழைய ஒப்பந்தப் படிவத்தை எடுத்து நகல் போட்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து வந்த பெட்டியில் எல்லாம் தோல் உரித்து, மேலும் கீழும் அழகாகச் சீவப்பட்டு, பளபளவென்று இருந்தன. வேர் முளைக்கிற அடிப்பாகமே இல்லை.

"வேரே வராதே சார் இதுல," என்று நான் ஓடினேன்.

"படிவத்துல சுத்தமா இருக்கணும்னு இருக்கு. சுத்தமா இருக்கா இல்லையா?" என்றார்கள்.

அக்கா சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பையில் இருபது வெங்காயம் வாங்கி வந்தாள். அதோடு தீர்ந்ததா? வெளியிலிருந்து உள்ளே வந்த பொருள் என்று சொத்துப் பிரிவு ஆள் வந்து ஒவ்வொரு வெங்காயத்திலும் ஓர் அலுமினியத் தகடு ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் நாற்காலிக்கும், மின்விசிறிக்கும், குப்பைக்கூடைக்கும் ஒட்டியிருக்கிற அதே தகடு. சோதனைக்காக வேர் நுனியை வெட்டியபோது, தகடு ஒட்டிய சொத்தின் பாகத்தை அகற்றியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அது திரும்ப வளரும் என்று பதில் எழுதினேன். வளர்ந்ததும் தெரிவிக்கவும் என்று எழுதினார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அதாலிபா விழுந்தார். பின்வாசல் காவலாளி. தினமும் பத்து மணிக்கு டீ குடிக்க வருவார், அக்கா தினமும் அழுத்தம் பார்த்து மாத்திரை போட்டாரா என்று மிரட்டுவாள். மூன்று மாதமாகக் கெட்டில் இல்லை, அவரும் வரவில்லை. உயிர் தப்பிவிட்டார். இடது கை மட்டும் தூக்க வராது, பேச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அக்கா என் ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்தக் கதையை நான் சிரித்துச் சிரித்துச் சொல்கிறேனே, அது இந்தக் கோபத்தை மறைக்கத்தான்.

"மெஷினை எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக்குடு," என்றாள் கடைசியில். "நானே எண்ணறேன்."

வெங்காயத்தை நாலு கூட்டமாகப் பிரித்தோம். வெறும் தண்ணீரில் ஐந்து வெங்காயம், அவள் கொடுக்கிற அளவு டீயில் ஐந்து, லிட்டருக்கு ஐம்பது கிராம் போட்டுப் பத்து மடங்கு கெட்டியான டீயில் ஐந்து, களைக்கொல்லியில் ஐந்து. கடைசியது எப்படியும் வேரைக் கெடுக்கும். கெட்டதை எங்கள் கண் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். எது எந்த ஸ்லைடு என்று அவளுக்குத் தெரியாமல் நான் எண் போட்டுவைத்தேன். அவள் வேலை முடிந்ததும் வந்து உட்காருவாள். வேர் நுனியைச் சாயத்தில் போட்டு, கண்ணாடிக்கு நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினால் செல்கள் ஒரே தளத்தில் பரவிவிடும். முதல் நாள் அவள் கண்ணை வைத்துவிட்டு, "அய்யோ, ரெண்டாப் போகுது பாரு, நடுவுல நூல் நூலா இழுத்துக்கிட்டு!" என்று கத்தினாள். ஒரு வெங்காயத்துக்கு ஆயிரம் செல். மொத்தம் இருபதாயிரம். ஒன்றைக்கூட விடவில்லை.

எங்கள் கண்ணாடிக்கடியில் நல்ல தண்ணீரில் நூறு செல்லுக்கு எட்டு பிரிந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தில் வேகம் அதைவிட அதிகம். செல் பிரிவு ஜூலையில் இரண்டானது: செல் பிரிவு (உள்வரும் அழைப்புகள்), செல் பிரிவு (வெளிச்செல்லும் அழைப்புகள்). ஆகஸ்டில் சார்ஜர் உட்பிரிவு தனியாகப் போனது. ஆறு பேராகத் தொடங்கியது இருபத்திரண்டாகி, உட்கார இடம் இல்லாமல் நடைபாதையில் மேஜை போட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் எண்ணி முடித்து நான் எண்களைப் பிரித்துக் காட்டினேன். தண்ணீரில் நூற்றுக்கு எட்டு. அக்காவின் டீயிலும் எட்டு. பத்து மடங்கு டீயில் நாலு. களைக்கொல்லியில் ஒன்றுக்கும் கீழே. அவள் இரண்டாவது எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. அப்புறம் மூன்றாவதைப் பார்த்தாள்.

"இதையும் எழுதணும் ஜாந்திர். கொட்டக் கொட்டப் போட்டாத்தான் கேக்கும்னு கைநிறைய அள்ளிப் போட்டுக் குடிக்கறவங்க இருக்காங்க. வேணாம்னு சொல்லணும்ல."

அறிக்கையோடு புதிய செல் பிரிவுக்குப் போனோம். நெதியோ முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மலர்ந்தார்.

"சாதாரண அளவுல செல் பிரிவுல எந்த மாற்றமும் இல்ல. அருமை! நானே சொல்லியிருப்பேனே." பக்கத்தைத் திருப்பினார். முகம் சுருங்கியது. "பத்து மடங்குல... செல் பிரிவு பாதியாக் கொறையுது? யாரு சொன்னது?"

"வெங்காயம் சார்," என்றாள் அக்கா.

"என்னம்மா வெளையாடறீங்க? போன மாசம்தான் ரெண்டு பேரைச் சேத்தேன். இந்த வரியை எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அது உங்க பிரிவு இல்ல சார், வேர்ல இருக்கற..."

"வேரோ கிளையோ, பேரு செல் பிரிவுதானே? மேல படிக்கறவன் பிரிச்சா பாப்பான்? பாதின்னு ஒரு எண்ணைக் கண்டா அதைத்தான் புடிச்சுப்பான்."

"அந்த வரியை எடுக்க முடியாது சார். கண்ணால எண்ணினது."

"அப்ப என்னாலயும் முடியாது," என்று நெதியோ கோப்பை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

செப்டம்பர் மாதம் முழுக்க அக்கா அந்த வாசலுக்கு நடந்தாள். ஒவ்வொரு தடவையும் செல் என்றால் என்ன, வேர் என்றால் என்ன, பிரிவது என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கினாள். வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தகடு ஒட்டிய பொருளை அனுமதியின்றி இடம் மாற்றியதற்கு ஒரு கடிதம் வந்தது. அதுதான் கிடைத்த பலன்.

முப்பதாம் தேதி நிர்வாகக் குழு கூடியது. மேஜையைச் சுற்றிப் பதினைந்து பேர், பாதிப் பேர் எதிரில் குடுக்கை, எல்லாக் குடுக்கையிலும் மஞ்சள் பூ. நெதியோவும் அவருடைய துணைத் தலைவர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அக்காவும் கதவோரம்.

டாக்டர் ஃபோந்தோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மூலிகைத் தோட்டம். அறிக்கை வந்ததா? கையெழுத்தோடு வரவில்லை. ஆக, அறிக்கை இல்லை. ஆக, தோட்டமும் இல்லை. நான் என் காருக்காக இதைச் செய்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்த எண்ணத்தை நானே கைவிட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய தேவை வந்திருக்கிறது. நம்முடைய செல் பிரிவு நடைபாதையில் அவதிப்படுகிறது. அந்த இடத்தில் செல் பிரிவுக்கு மூன்று மாடிக் கட்டடம் எழும். கார் அதன் கீழ்த்தளத்தில் நிற்கும். ஆட்சேபம் உண்டா?"

டீ நல்லதா என்று கேட்க ஒரு பிரிவு, அந்தப் பிரிவு உட்காரத் தோட்டம். கெட்டிலைக் கேட்டவளிடம் அடுப்பையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

லொரேனி அக்கா எழுந்தாள். கையில் அறிக்கையின் நகல். ஆறு மாதமாக அவள் விளக்கிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் விளக்கவில்லை.

"படிச்சுக் காட்டலாமாங்கய்யா? ஒரே ஒரு வரிதான்."

"சுருக்கமாக."

"லிட்டருக்கு அம்பது கிராம் மசேலாவுல, செல் பிரிவு பாதியாக் கொறையுது. இருபதாயிரம் எண்ணிப் பாத்தது. அவ்வளவுதாங்கய்யா." உட்காரப் போனவள் திரும்பினாள். "தோட்டத்துல இருநூறு செடி இருக்கு."

சார்ஜர் உட்பிரிவுக்காரர் விரல்விட்டு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டில் பாதி பதினொன்று.

"எந்தப் பதினொண்ணு?" என்று முதல் துணைத் தலைவர் இரண்டாவது துணைத் தலைவரைப் பார்த்துக் கேட்டார். "கடேசியாச் சேந்தவங்கதானே?"

"அதெப்படி? நூறு நூறா எண்ணியிருக்காங்க, சீனியாரிட்டி பாத்தா எண்ணினாங்க?" என்று இரண்டாமவர் எகிறினார்.

சட்டப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். "இது ஆதாரத்தோடு இருக்கிறதா?"

"சந்தை வெங்காயம், இருபது எண்ணம், எல்லாத்துக்கும் சொத்துத் தகடு இருக்கு சார்," என்றேன் நான். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குழுவில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. தகடு என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். தகடு இருந்தால் பொருள் உண்மை.

டாக்டர் ஃபோந்தோரா மேஜையைத் தட்டினார். "கையெழுத்தில்லாத அறிக்கையில் உள்ள ஆபத்து ஆபத்தாகாது. பிரிவை அங்கேதான் மாற்றுவேன்."

"அய்யா!" நெதியோ எழுந்துவிட்டார். "ஒரு நிமிஷம்." ஓடினார். நடைபாதையில் இழுப்பறை திறக்கும் சத்தம், சாவி விழும் சத்தம் எல்லாம் கேட்டது. திரும்பி வரும்போதே பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்திருந்தார். ஒரு மாதமாகக் கிடைக்காத கையெழுத்தை எல்லார் முன்னாலும், ஒவ்வொரு பக்கத்திலும், அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து அதன் பக்கத்திலும் போட்டார். மூன்று முத்திரை குத்தினார்.

"இப்ப ஆபத்து ஆபத்தாயிடுச்சு அய்யா," என்றார் மூச்சு வாங்க. "செல் பிரிவு அங்க போகாது. போனாப் பாதிதான் திரும்பும். அந்தச் செடியைப் புடுங்கறதுன்னா எங்க பக்கமாக் கொண்டுவரவும் கூடாது. இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி, செல் பிரிவு அலுவலர்கள் ஐம்பது மீட்டருக்குள் வரக் கூடாது என்று ஒரு பலகை, ஆபத்தான செடிகளுக்குப் பொறுப்பாளராக நர்ஸ் லொரேனி. சாதாரண அளவில் விளைவு எதுவும் இல்லை என்று கையெழுத்தான அறிக்கையே சொல்வதால் கெட்டிலுக்கும் அனுமதி. வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுதும்விட்டாள். முதல் டீயை ஒரு ஃபிளாஸ்கில் ஊற்றி அதாலிபா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நான் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே ஓர் உருவம், பலகையைத் தாண்டலாமா வேண்டாமா என்று நின்றது. நெதியோ. ஞாயிற்றுக்கிழமை சுட்ட விலா இறைச்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருந்தது.

"லொரேனிம்மா," என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். "ஒரு டீ. லைட்டா போடுங்க. ரொம்ப ரொம்ப லைட்டா. நவம்பர்ல இன்னும் மூணு போஸ்ட் வரவேண்டியிருக்கு."

"உள்ள வாங்க சார். ஆறட்டும். அதுக்குள்ள கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். அக்கா பட்டையைச் சுற்றினாள், பம்பை அமுக்கினாள், காதில் குழாயை வைத்துக் கேட்டாள். மறுபடி ஒருமுறை கேட்டாள்.

"நூத்தியெண்பதுக்கு நூத்திப்பத்து. எத்தனை நாளா சார் தலை கிறுகிறுங்குது?"

"ஏப்ரல்லேருந்து. இந்தப் பொறுப்பு வந்ததுலேருந்து." நெதியோ முதல்முறையாகப் பயந்த முகத்தோடு அவளைப் பார்த்தார். "இதைப் பாதியாக் கொறைக்க அந்தக் கெட்டி டீ கெடைக்குமா?"

"அதுக்கு மாத்திரை இருக்கு சார்," என்று லொரேனி அக்கா பதிவேட்டைத் திறந்து, நூற்று நாற்பத்தியொன்று என்று எண் போட்டாள்.